பெட்டியில் ஓர் எண், பட்டாலையில் ஒரு சத்தம்

முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள ஒரு பட்டாலைக்கு, அதாவது செட்டிநாட்டு வீட்டுக் கூடத்துக்கு, பத்து அங்குல ஆத்தங்குடித் தரைக்கல் பதிப்பதென்றால், நீளவாக்கில் 36, அகலவாக்கில் 24, ஆக மொத்தம் 864 கல் வேண்டும். டிவிப் பெட்டியின் அட்டையில் 3840 × 2160 என்று அச்சாகியிருப்பதும் இதே கணக்குத்தான். திரையின் நீளவாக்கில் 3840 புள்ளி, உயரவாக்கில் 2160 புள்ளி. பெருக்கினால் 82,94,400. இந்தப் புள்ளிதான் பிக்சல். ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றிலும் ஒரு பூ இருக்கும், ஒரு கொடி இருக்கும். பிக்சலில் அதெல்லாம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் காட்டுகிற கல் அது. முழு எச்.டி. என்றால் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளி. 4கே அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. 8கே இன்னும் நான்கு மடங்கு. எண் பெரிதாகப் பெரிதாக விலையும் பெரிதாகும். ஆனால் ஆத்தங்குடியில் கல் வாங்கப் போகிறவர் முதலில் தன் வீட்டை அளந்துகொண்டுதான் பட்டறைக்குப் போகிறார். டிவி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் எதையும் அளக்காமல் போகிறார். அட்டையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பெட்டி தன்னளவில் என்ன செய்யும் என்பதை மட்டுமே சொல்கிறது. வீட்டில் என்ன கிடைக்கும் என்பதை அந்தச் சொல்லோடு வீட்டின் ஓர் அளவையும் சேர்த்துப் படித்தால்தான் அறிய முடியும். பிக்சலுக்குத் தூரம், வெளிச்ச எண்ணுக்கு முற்றத்து வெயில், வாட்டுக்குச் சுவரின் கடினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடியைத் தெரிந்துகொள்ளாமல் தொழில்நுட்பச் சொற்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

பிக்சலின் ஜோடியை முதலில் பார்ப்போம். நல்ல பார்வை உள்ள மனிதக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குப் பிரிந்து நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பார்க்கும். அதைவிட நெருங்கினால் ஒன்றாகிவிடும். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையும் இந்த அளவை வைத்துத்தான் அமைக்கப்பட்டது. 55 அங்குல டிவியின் திரை சுமார் 122 சென்டிமீட்டர் அகலம். அது முழு எச்.டி. திரையாக இருந்தால் ஒரு பிக்சல் 0.63 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. அதே அளவு 4கே திரையின் முழு நுணுக்கத்தையும் பார்க்க வேண்டுமானால் மூன்றரை அடிக்கு நெருங்கி வர வேண்டும். பட்டாலையில் டிவி ஒரு சுவரில் இருக்கும், நாற்காலி எதிர்ச்சுவரை ஒட்டி இருக்கும். நடுவில் பன்னிரண்டு அடியாவது இருக்கும். அந்தத் தூரத்தில் 4கேக்கும் முழு எச்.டி.க்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கவே 92 அங்குலத் திரை வேண்டும். கூர்மையான கண்ணுக்கு இந்த எல்லை சற்று நகரும் என்பது உண்மை. அதனால் கணக்கின் போக்கு மாறிவிடாது. புது டிவி வாங்கியபிறகு படம் பளிச்சென்று இருக்கிறதே என்று பலர் சொல்வதும் பொய்யில்லை. புதுத் திரை பழையதைவிடப் பெரியது, வெளிச்சம் கூடியது, கறுப்பைக் கறுப்பாகக் காட்டக்கூடியது. அந்த நன்மைகளுக்கெல்லாம் 4கே என்ற ஒற்றைச் சொல் பெயர் வாங்கிக்கொள்கிறது. பெரிய அளவுத் திரைகள் இப்போது பெரும்பாலும் 4கேயாகவே வருவதால் அதைத் தேடித் தவிர்க்க வேண்டியதும் இல்லை. அதற்காகவே கூடுதல் பணம் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

தூரத்தைவிடப் பெரிய கேள்வி, அந்த 83 லட்சம் புள்ளிக்கும் நிறம் எங்கிருந்து வருகிறது என்பது. கேபிள் பெட்டியில் வரும் சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 720 × 576 புள்ளிதான். பெருக்கினால் 4,14,720. 4கே திரையின் எண்ணிக்கையை இதால் வகுத்தால் மீதியில்லாமல் 20 வருகிறது. அதாவது மாலைச் சீரியல் ஓடும்போது திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஒளிபரப்பிலிருந்து தகவல் வருகிறது. மற்ற பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சில்லு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அனுமானித்து நிரப்புகிறது. இதற்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர். நல்ல சில்லு நன்றாக அனுமானிக்கும், மலிவான சில்லு முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிடும். இணையத்தில் வரும் படம் 4கேதான் என்றாலும் அங்கே வேறொரு கணக்கு இருக்கிறது. முழு எச்.டி. படத்தை ஒரு புள்ளி விடாமல் வினாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) வீதம் அனுப்பினால் வினாடிக்கு 124 கோடி பிட் ஓட வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்வது 50 லட்சம் பிட் அளவுதான், ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு. இந்தச் சுருக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். எச்.264, எச்.இ.வி.சி. என்று அட்டையில் இருப்பவை அதன் வகைகள். ஆத்தங்குடித் தரையை ஒருவருக்குத் தொலைபேசியில் விவரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 864 கல்லையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பூக்கல்லை விவரித்து, உள்ளே முழுதும் இதேதான், ஓரத்தில் மட்டும் கொடிக்கல் என்றால் போதும். கோடெக்கும் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, போன சட்டத்தில் இருந்த கட்டம் இதிலும் இருந்தால் பழையதே என்று ஒரு குறிப்பு மட்டும் அனுப்புகிறது. தரையில் குழந்தை ஓடினால் குழந்தை இருக்கும் கட்டங்களை மட்டும் புதிதாகச் சொல்கிறது. மழை, தூள் பறக்கும் சண்டை, திருவிழாக் கூட்டம் என்று திரை முழுதும் ஒரே நேரத்தில் மாறும்போது சொல்ல வேண்டியது மிகுந்துவிடும், பிட் போதாது, படம் சதுரம் சதுரமாக உடையும். அந்த உடைசல் டிவியின் குற்றம் என்று நினைத்து அதிக பிக்சல் உள்ள டிவியை வாங்கினால் உடைசலும் பெரிதாகத் தெரியும்.

கடையில் கண்ணால் பார்த்துத்தானே வாங்குகிறோம், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடையில் ஓடுவது கேபிள் சேனல் இல்லை. சுருக்கம் குறைவாக, மெதுவாக நகரும் பூக்களும் பழங்களும் நிறைந்த 4கே காட்சியைப் பென் டிரைவில் போட்டு ஓட்டுகிறார்கள். டிவியின் வெளிச்சமும் நிறமும் கடை விளக்கை வெல்லும்படி உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் இரண்டடி தூரத்தில் நிற்கிறார். வீட்டில் இந்த மூன்றும் இருக்காது. ஆகவே கடையில் கண் தரும் சாட்சி வேறொரு வழக்குக்கான சாட்சி. வீட்டில் வழக்கமாகப் பார்க்கிற சேனலைப் போடச் சொல்லி, பட அமைப்பைச் சாதாரணத்துக்கு மாற்றச் சொல்லி, பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் அந்தச் சாட்சியை நம்பலாம். இதைக் கேட்பதற்கு வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.

வெளிச்சத்துக்கு வருவோம். எல்.இ.டி. டிவி என்று சொல்வது உண்மையில் எல்.சி.டி. திரைதான். அதன் பின்னால் இருக்கும் விளக்கு எல்.இ.டி. என்பதால் அந்தப் பெயர். கியூஎல்இடி என்பதும் அதே குடும்பம், நிறத்தைத் தூய்மையாக்க ஒரு படலம் கூடுதலாக இருக்கும். ஓஎல்இடி மட்டும் வேறு சாதி. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே அணையும். அணைந்தால் முழு இருட்டு. அதனால் அதன் அட்டையில் கான்ட்ராஸ்ட், அதாவது உச்ச வெளிச்சத்துக்கும் ஆழ்ந்த கறுப்புக்கும் உள்ள விகிதம், எல்லையற்றது என்று போடுகிறார்கள். எச்.டி.ஆர். என்ற சொல்லும் இந்த விகிதத்தைப் பற்றியதே. திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட். பழைய முறையில் படம் 100 நிட் உச்ச வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாராகும். எச்.டி.ஆர். முறையில் 1000 நிட், சில படங்களில் அதற்கு மேலும். நிறமும் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்துக்கும் 256 படிக்குப் பதில் 1024 படியாகிறது. மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியாமல் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வழுக்கிச் செல்வது அதனால்தான். 300 நிட்கூட எட்டாத திரையிலும் எச்.டி.ஆர். என்று ஒட்டியிருப்பார்கள். அந்தச் சமிக்ஞையை அது புரிந்துகொள்ளும் என்பதே அதன் பொருள், காட்டிவிடும் என்பது பொருளல்ல.

இப்போது இதை வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதிக்கு, கொண்டுபோங்கள். செட்டிநாட்டு வீடு முற்றத்தை நடுவில் வைத்துக் கட்டியது. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு முற்றத்தில் இறங்கும். தூண் தாண்டி, தாழ்வாரம் தாண்டி, பளபளக்கும் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டுத் திரும்பி டிவியில் விழும்போது 500 லக்ஸ் மிஞ்சினாலே போதும். திரை அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சிதறடித்தால் கறுப்பின் மேல் மூன்று நிட் வெளிச்சம் ஏறிவிடும். 400 நிட் உச்சம் உள்ள ஓஎல்இடியின் எல்லையற்ற கான்ட்ராஸ்ட், பகல் இரண்டு மணிக்கு நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று என்று இறங்கிவிடுகிறது. பாதி விலையுள்ள, வெளிச்சம் கூடிய எல்.சி.டி. திரை அந்த நேரத்தில் அதைவிட நன்றாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற வீட்டில் கதை தலைகீழ். எது நல்ல டிவி என்ற கேள்விக்கு விடை முற்றத்தில் இருக்கிறது. டிவியை முற்றத்துக்கு எதிராக வைக்காமல், பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுவதால் கிடைக்கும் கான்ட்ராஸ்ட்டை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

படத்துக்கே இப்படியென்றால், ஒலியில் வீட்டின் பங்கு இன்னும் பெரியது. அதை இந்த மண்ணிலிருந்தே சொல்லலாம். காரைக்குடியில் பிறந்து, கிராமபோன் தட்டு வியாபாரத்தில் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன், 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற பின்னணிப் பாடல் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1940களில் காரைக்குடியிலேயே படப்பிடிப்புத் தளம் அமைத்து, 1947இல் ‘நாம் இருவர்’ படத்தை வெளியிட்டார். பிறகுதான் கோடம்பாக்கம். அவர் தொடங்கிய ஏவிஎம் நிறுவனம் தயாரித்த ‘சிவாஜி’ 2012 டிசம்பரில் முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது, டால்பி அட்மாஸ் ஒலியில் வெளியான முதல் இந்தியப் படமானது. பின்னணிப் பாடலில் தொடங்கி அட்மாஸ் வரை ஒலித்துறை செய்தது ஒரே வேலை: குரலை அது பிறந்த இடத்தின் இரைச்சலிலிருந்தும் எதிரொலியிலிருந்தும் பிரித்து, சுவரெல்லாம் மெத்தை வைத்த அறையில் பதிவுசெய்து, சுவரெல்லாம் துணி போர்த்திய திரையரங்குக்கு ஏற்றபடி கலந்து அனுப்புவது. அவ்வளவு பாடுபட்டு எதிரொலியை நீக்கிய அந்தக் குரலை வீட்டில் நாம் எங்கே ஓட்டுகிறோம்? கல் தரை, சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி, தேக்கு. நீக்கிய எதிரொலியை நம் வீடு மறுபடி ஒட்டிவைக்கிறது.

ஆத்தங்குடிக் கல் செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு குழியிலும் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கி, மணலும் சிமென்ட்டும் இட்டு நிரப்பி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக வருகிறது. மெருகேற்றும் இயந்திரம் தேவையில்லை. சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சும் அதே வழவழப்பு. வெயிலுக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கு அழகு, பாதத்துக்குச் சுகம். ஒலிக்கு மட்டும் அது எல்லாப் பக்கமும் கண்ணாடி. பட்ட ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் அது விழுங்கும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதை முதலில் எண்ணாக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபின். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை வினாடி என்று அளந்தார். காலிக் கூடத்தில் ஐந்தரை வினாடி. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த விதி எளியது: மீட்டர் கணக்கில் அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருள்கள் ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும். அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் நம் வீட்டுக்குப் பொருத்தமானது. திறந்த சன்னலின் ஒரு சதுர மீட்டர் அது, ஏனென்றால் திறந்த சன்னலுக்குப் போன ஒலி திரும்பி வருவதே இல்லை. முன்சொன்ன 30 × 20 அடிப் பட்டாலைக்குப் பதினைந்தடி உயரம் என்று வைத்து இந்த விதியைப் போட்டால், கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது ஐந்தரை வினாடியை ஒட்டி வருகிறது. சபின் அளந்த காலிக் கூடமும் அதுதான். நான்கு கதவைத் திறந்து வைத்தால் மூன்று வினாடிக்குக் கீழே இறங்கும். வீட்டில் படம் பார்க்க நல்லதென்று ஒலி வல்லுநர்கள் சொல்வது அரை வினாடிக்கும் குறைவு.

மூன்று வினாடி என்பது தமிழ்ப் பேச்சுக்கு என்ன செய்யும்? நாம் பேசும்போது வினாடிக்கு ஐந்தாறு அசைக்குக் குறைவதில்லை. ஆக ஓர் அசை காதில் விழும்போது முந்தின பத்துப் பதினைந்து அசைகளின் மிச்சமும் கூடவே அறையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உயிரொலி உரத்தது, நீண்டது. மெய்யொலி மெல்லியது, குறுகியது. உரத்ததன் மிச்சம் மெல்லியதை மூடிவிடும். தமிழில் இதன் சேதம் அதிகம். ‘பாடு’ என்பதையும் ‘பாட்டு’ என்பதையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு ட்டுவுக்கு முன்னால் உள்ள ஒரு நொடிப்பொழுது மௌனம். வல்லின ஒற்று என்பதே அடைத்துத் திறக்கும் மௌனம்தான். அந்த மௌனத்தில் எதிரொலி புகுந்து நிரம்பிவிட்டால் ஒற்று காணாமல் போகிறது. ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் ஒன்றாகின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் வயதில் முதலில் குறைவது மெய்யொலியைப் பிரித்தறிய உதவும் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். அப்பத்தாவுக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டில் சொல்வதில் பாதி, பட்டாலைக்கு ஒலி அடங்கவில்லை என்பதாக இருக்கும்.

பேச்சு புரியவில்லை என்றால் உடனே அதிக வாட் உள்ள சவுண்ட்பார் வாங்குவது வழக்கம். இங்கேதான் அட்டைச் சொல் நம்மை மிகவும் ஏமாற்றுகிறது. வாட் என்பது ஒலிப்பெருக்கி தரக்கூடிய மின்திறன். அதை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும், காதுக்குச் சிறிய மாற்றம். இரண்டு மடங்கு சத்தமாக உணர வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். கேசட் காலத்தில் கைக்கடக்கமான பெட்டியில்கூட ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் என்று எழுதியிருப்பார்கள். அதற்கு எல்லோரும் ஒப்பிய வரையறையே கிடையாது. ஒரு கண உச்சத்தைக் காட்டும் விளம்பர எண் அது. தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்ற எண்தான் பொருளுள்ளது. ஆனால் ஆர்.எம்.எஸ். வாட்டே உண்மையாக இருந்தாலும் பட்டாலையில் அது உதவாது. வாட்டைக் கூட்டும்போது நேரே வரும் பேச்சும் கூடுகிறது, சுவரில் பட்டு வரும் மிச்சமும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். மூன்று வினாடி எதிரொலிக்கும் இந்தப் பட்டாலையில், சாதாரண ஒலிப்பெருக்கியிலிருந்து நான்கடி தள்ளிப் போனாலே நேர் ஒலியைவிடச் சுற்றி வரும் ஒலி மிகுந்துவிடுகிறது. பன்னிரண்டடியில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது பெரும்பாலும் சுவரைத்தான்.

5.1 என்பதில் ஐந்து ஒலிப்பெருக்கி, ஒரு சப்வூஃபர். சப்வூஃபர் அடித்தொனிக்கு மட்டும். 5.1.2 என்றால் மேலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு கூடுதல். அட்மாஸ் முறை, இந்த ஒலி இந்தப் பெருக்கிக்கு என்று சொல்லாமல், இந்த ஒலி அறையின் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எப்படிக் கொண்டுவருவது என்பதை வீட்டில் உள்ள கருவி தீர்மானிக்கும். கூரையில் ஒலிப்பெருக்கி பதிக்காதவர்களுக்காகச் சவுண்ட்பார்கள் ஒலியை மேல்நோக்கி வீசி, கூரையில் பட்டு இறங்கச் செய்கின்றன. தட்டையான, எட்டடி முதல் பன்னிரண்டடி வரை உயரமுள்ள கூரையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. பதினைந்தடிக்கு மேல் எழும்பிய, உத்திரமும் கட்டையும் ஓடும் கூரையில் ஹெலிகாப்டர் எங்கே பறக்கிறது என்று அதற்கே தெரியாது. அந்த வீட்டுக்கு அட்மாஸ் சவுண்ட்பார் வீண்செலவு. ஐந்தில் நடுவில் இருக்கும் சென்டர் ஒலிப்பெருக்கி ஒன்று மட்டும் நல்லதாக இருந்தால் போதும், ஏனென்றால் படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது.

இன்றைய கருவிகள் மைக் வைத்து அறையை அளந்து தாமே திருத்திக்கொள்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. அவை உண்மையில் செய்யும் வேலை மதிக்கத்தக்கது. எந்தப் பெருக்கி எத்தனை அடியில் இருக்கிறது, எந்தத் தொனி அளவுக்கு மீறி ஒலிக்கிறது என்று கண்டு சரிசெய்கின்றன. அடித்தொனியின் கும்மென்ற வீக்கத்தைக் குறைப்பதில் நல்ல பலன் உண்டு. ஆனால் ஒலி பெருக்கியை விட்டு வெளியேறிய பின் அதன்மேல் கருவிக்கு எந்தப் பிடியும் இல்லை. மூன்று வினாடியை ஒரு வினாடியாக்க எந்தச் சில்லாலும் முடியாது. அது துணியின் வேலை.

ஆத்தங்குடி வீடு அபூர்வம், நாங்கள் இருப்பது இரண்டு படுக்கையறை பிளாட்டில் என்று மற்றொரு மறுப்பு வரலாம். அந்தப் பிளாட்டில் தரை விட்ரிஃபைடு டைல், சுவர் சிமென்ட், ஒரு பக்கம் சறுக்கும் கண்ணாடிக் கதவு. கடினத்தில் பட்டாலைக்குச் சளைத்ததல்ல. காப்பாற்றுவது சிறிய கனஅளவும் சோபாவும் கட்டிலும்தான். ஆனால் சிறிய அறைக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சதுரமாகக் கட்டிய அறையில் 47 ஹெர்ட்ஸ் அடித்தொனி நீளத்திலும் அகலத்திலும் ஒரே நேரத்தில் நின்றதிரும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் தவிலும் வெடியும் ஒரே ‘கும்’ ஆகிவிடும். ஒரு முழம் நகர்த்தினால் மாறும். ஆக வீடு எதுவானாலும் அளவுநாடா தேவைப்படுகிறது.

இணைப்புச் சொற்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. கம்பியில் போவது ஒன்றும் பூஜ்யமும்தான், வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் திரை மின்னும், அணையும். தங்கமுலாம் பூசியதால் நிறம் அழகாவதில்லை. டிவியில் மூன்று எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்புவது ஏ.ஆர்.சி. என்று எழுதிய ஒன்றில் மட்டும். பல வீடுகளில் சவுண்ட்பார் வேறு துளையில் செருகப்பட்டுப் பேசாமல் கிடக்கிறது. அமைப்புப் பட்டியலில் நைட் மோட் என்று ஒன்று இருக்கும். கிசுகிசுப்பை உயர்த்தி வெடிச்சத்தத்தைத் தாழ்த்துவது அதன் வேலை. வசனத்துக்குக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து, ரிமோட்டைக் கையிலிருந்து இறக்க முடியாதவர்களுக்குப் பகலிலும் அது உதவும்.

பட்டாலைக்குச் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. டிவிக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த ஜமக்காளம் ஒன்று விரிப்பது, உட்காருகிறவர்களின் முதுகுப் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரைச்சீலை தொங்கவிடுவது, கதவுகளைத் திறந்து வைப்பது. சபினின் கணக்கில் இவற்றையும் ஐந்தாறு ஆட்களையும் சேர்த்தால் மூன்று வினாடிக்கு அருகில் இருந்தது ஒன்றரை வினாடியாகிறது. ஒலிப்பெருக்கியைச் சுவரிலிருந்து பிரித்து நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் வசனம் இன்னும் தெளியும். அழகான தரையை எதற்கு மூட வேண்டும் என்பவர்கள் படம் முடிந்ததும் ஜமக்காளத்தைச் சுருட்டி வைக்கலாம். நூற்றாண்டுத் தரைக்கு அதனால் ஒரு கீறலும் விழாது. இன்னும் நல்ல வழி, வளவைச் சுற்றி இருக்கும் சிறிய அறைகளில் ஒன்றுக்கு டிவியை மாற்றுவது. மெத்தையும் தலையணையும் துணிமூட்டையும் அடைந்துகிடக்கும் அந்த அறைக்கு முற்றத்து வெயிலும் எட்டாது. எட்டடி தூரத்தில், 43 அங்குல முழு எச்.டி. திரையில், இருபது வாட் பெட்டியில், ‘பாட்டு’ பாட்டாகவே கேட்கும். கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வீடு நிறையும்போது மட்டும் அதைப் பட்டாலைக்குக் கொண்டுவரலாம். நாற்பது பேர் பட்டும் பருத்தியும் உடுத்தி உட்கார்ந்திருக்கையில், ஒவ்வொருவரும் அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம்.